வேருக்குப் போன சேதி

அத்தியாயம் 17

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவனுக்குத் தன் தலையிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

முன்சுவரில் ஒரு பெரிய கண்ணாடி, பின்சுவரில் இன்னொன்று, மேஜைமேல் வட்டமாக இரண்டு. மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்க்க வருகிறவர்களின் காதோரம் ஃபிரேமைச் சரிசெய்யக் குனியும்போதெல்லாம், சின்னவனின் உச்சந்தலை ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து அவனையே முறைத்துப் பார்க்கும். போன வருஷம் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்த வழுக்கை, இப்போது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

அன்று காலை வந்த பெரியவர் மனசில் கள்ளமில்லாதவர். படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் கேட்டார்.

“உங்களுக்கும் கிட்டப் பார்வை மங்க ஆரம்பிச்சிருக்குமே? நாப்பத்தஞ்சு தாண்டிட்டா எல்லாருக்கும் அப்படித்தான்.”

சின்னவனுக்கு வயது முப்பத்து மூன்று. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமாங்க, லேசா” என்றான்.

இதையாவது துடைத்துப் போட்டுவிடலாம். போன வாரம் மருத்துவமனைப் பதிவு மேஜையில் நடந்ததை எப்படித் துடைப்பது? ஐந்து வருஷம் காத்திருந்து, நடுவில் ஒன்றைப் பறிகொடுத்து, மறுபடி வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. மனைவியைக் கையில் ஏந்தாத குறையாக அழைத்துப் போயிருந்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “பொண்ணோட அப்பா அந்தப் பக்கம் உட்காருங்க. வீட்டுக்காரர் வரலையா?” என்று கேட்டாள்.

மனைவி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். முடிக்காக வைத்திருந்த மாத்திரையை மறுநாளிலிருந்து தினம் ஒன்றுக்கு இரண்டாக்கினான்.

அந்த மாத்திரை விஷயம் அவனுக்கும் அவன் அக்காவுக்கும் மட்டுமே தெரியும்.

பெரியவருக்கு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் போய் நின்றான். “வயித்து வலி. அரை நாள் லீவு வேணும்.”

முதலாளி அவன் வயிற்றைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். அப்படித்தான் அவனுக்குப் பட்டது.

*

அக்கா வேலை பார்ப்பது தோல் நோய் ஆராய்ச்சிக் கூடத்தில். மூன்றாவது மாடி, நீண்ட நடை, கடைசி அறை. கதவைத் திறந்தால் ஸ்பிரிட் வாடை. வெள்ளைக் கோட்டும் நீலக் கையுறையுமாக நுண்ணோக்கியின் முன் குனிந்திருந்த அக்கா, தம்பி முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“மறுபடி சீப்புல முடியை எண்ணினியா?”

“தலையணையை எண்ணினேன். அறுபத்தி ரெண்டு.”

“எண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“அக்கா, நாலு மாசம் ஆச்சு. ஒரு மண்ணும் நடக்கல. உன் மாத்திரையால ஒண்ணும் ஆகாது. நீ இங்க புதுசா ஒண்ணு சோதனை பண்றியே, அதுல ரெண்டு சொட்டு குடு. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

அவன் குரல் கெஞ்சலாகத் தொடங்கி, முடியும்போது அழுகையின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது. அக்கா கையுறையைக் கழற்றினாள். அவனைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா போன பிறகு இவனுக்குத் தலை வாரிவிட்ட கை அவளுடையது. அந்தத் தலையை இப்போது பார்க்க அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

“இங்க வா. இதுல பாரு.”

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். இளஞ்சிவப்பு நீரில் நீள நீளமாக, சின்ன மீன்கள் ஒரே திசையில் படுத்துக் கிடப்பதுபோல் ஏதோ தெரிந்தது.

“முடிக்கு வேர் இருக்கில்ல, அதுக்கும் அடியில இருக்கிற செல்லுங்க இதுங்க. இதுங்கதான் மேஸ்திரி. ‘வளரு’ன்னு இதுங்க சேதி அனுப்பினாத்தான் மேல இருக்கிற செல்லுங்க முடியைக் கட்டும். அந்தச் சேதி போற வழிக்கு ‘விண்ட்’னு பேரு.”

“என் மேஸ்திரி செத்துட்டானா?”

“சாகல. அவனுக்கு வேற சேதி வருது. ஆம்பளைங்க ரத்தத்துல ஓடற ஹார்மோனை ஒரு என்சைம் பிடிச்சு இன்னும் வீரியமா மாத்திடும். டி.எச்.டி.ன்னு பேரு. அது இந்தச் செல்லுக்குள்ள போய் உட்கார்ந்ததும் மேஸ்திரி பேச்சை மாத்திடறான். ‘வளரு’ங்கற வழியை அடைக்கிற புரதத்தை அவனே வெளியே விடறான். முடி ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிசா, இன்னும் குட்டையா வரும். பின்மண்டை செல்லுக்கு அந்தச் சேதி அவ்வளவா காதுல விழாது. அதான் எல்லாருக்கும் பின்னாடி மட்டும் மிச்சம் நிக்குது.”

“அப்ப அடைப்பை எடுக்கிற மருந்தைக் குடேன்!”

“அதைக் கண்ணாடித் தட்டுல வளர்க்கிற செல்லுலதான் சோதிக்கிறேன், மனுஷ மண்டையில இல்ல. ‘வளரு’ங்கற அதே சேதிதான் குடல்லயும் ஓடுது. அங்க அளவு தப்பினா கட்டி வளரும். சேதி ஒண்ணுதான்டா, போய்ச் சேர்ற இடம்தான் வேற வேற. இந்த மருந்து உன் தலையோட நின்னுடும்னு யார் உறுதி சொல்வா?”

சின்னவன் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தான். அக்கா அவன் தோளில் கை வைத்தாள்.

“மாத்திரை அந்த என்சைமைத்தான் தடுக்குது. ஒரு வருஷம் பொறுத்துத்தான் பலன் தெரியும். ஒழுங்கா தினம் ஒண்ணு விழுங்கறே இல்ல?”

அவன் நுண்ணோக்கியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“என்னடா?”

“விழுங்கல.”

“பின்னே?”

“விழுங்கினா குழந்தை தங்கறது கஷ்டம்னு நெட்ல போட்டிருந்தான். அந்தப் பாவம் வேண்டாம்னுதான்… இடிச்சுப் பொடி பண்ணி, ஸ்பிரிட்ல கலக்கி, தலையில தடவறேன். வாய் கொப்பளிக்கிற மருந்து பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கேன்.”

அக்காவின் கை அவன் தோளிலிருந்து மெல்ல விலகியது.

“எதுல இடிக்கிறே?”

“சமையல்கட்டுல ஒரு சின்னக் கல்லுரல் இருக்கு. காலையில அவ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி இடிச்சுட்டு, நல்லா கழுவி வச்சிடுவேன்.”

“அதுல அவ என்ன இடிக்கிறா?”

“இஞ்சி. அவளுக்குக் குமட்டல் தாங்கல இல்ல, தினமும் இஞ்சித் தண்ணி போட்டு…”

வாக்கியம் நடுவில் நின்றுவிட்டது. அவனுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் நின்றது.

“அந்தப் பொடி தண்ணியில கரையாதுடா” என்றாள் அக்கா. “நீ எவ்வளவு கழுவினாலும் கல்லோட துளையில தங்கும். டி.எச்.டி. மண்டைக்கு மட்டும் போற சேதி இல்ல. வயித்துல இருக்கிறது ஆம்பளைப் பிள்ளையா இருந்தா, ஆம்பளை உறுப்பு உருவாகறது அந்தச் சேதியாலதான். எட்டாவது வாரத்துல ஆரம்பிக்கும். கர்ப்பமா இருக்கிறவங்க உடைச்ச மாத்திரையைக் கையாலகூடத் தொடக் கூடாது. மாத்திரைமேல பூச்சு போட்டிருக்கிறதே அதுக்காகத்தான். பெட்டிக்குள்ள இருக்கிற காகிதத்துல பெரிசா போட்டிருக்கும்.”

“காகிதம் எங்க இருந்தது? நீ அட்டையை மட்டும்தானே குடுத்தே?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டியைப் பார்த்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்று இவன் சொன்னதால், பெட்டியையும் காகிதத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் கொடுத்தது அவள்தான். முழுசாக விழுங்கு என்று சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அப்போது வீட்டில் யாரும் கர்ப்பமாக இல்லை.

“இப்ப என்ன ஆகும்? சொல்லு. என்ன ஆகும்?”

“அநேகமா ஒண்ணும் ஆகாது. கல்லுல ஒட்டினது ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். ஆனா அந்த ‘அநேகமா’வை நீதான் அவகிட்ட சொல்லணும். போ. இப்பவே போ. நான் அவளோட டாக்டருக்குப் போன் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்.”

*

பேருந்துக்கு நிற்கப் பொறுமையில்லை. பாதி வழி ஓடினான், மீதி வழி வாடகை வண்டி. ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவனுக்காகவே எரிவதுபோல் இருந்தது.

மனைவி ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறவள். ரத்தம், தீ, நெஞ்சு வலி என்று அலறிக்கொண்டு வருகிறவர்களிடமிருந்து முகவரியை வாங்குவது அவள் வேலை. அன்று இரண்டு மணி ஷிஃப்ட். சீருடையை மாட்டிக்கொண்டு சமையல்கட்டில் நின்றிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவள் கையில் குழவி இருந்தது.

“தொடாதே!”

அவன் போட்ட கூச்சலில் அவள் துள்ளிவிட்டாள். குழவி தொட்டிக்குள் விழுந்தது.

“என்னங்க இது? பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறீங்க! கடையில ஏதாவது…”

“கையைக் கழுவு. சோப்பு போட்டுக் கழுவு. முதல்ல கழுவு, அப்புறம் சொல்றேன்.”

கழுவினாள். அவன் சொன்னான். நுனியிலிருந்து தொடங்கினான், அடியிலிருந்து தொடங்கினான், நடுவில் அழுதான். முடி, மாத்திரை, அக்கா, ஸ்பிரிட், கல்லுரல் என்று எல்லாம் குழம்பி வந்தன. அவள் இடையில் அடுப்பை அணைத்தாள்.

அவன் முடித்தபோது, அவள் குரல் மாறியிருந்தது. அது வீட்டுக் குரல் இல்லை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பேசுகிற குரல்.

“எத்தனை மாசமா?”

“நாலு.”

“தினமுமா?”

“தினமும். போன வாரத்துலேர்ந்து ரெண்டு ரெண்டா.”

“கடைசியா எப்ப இடிச்சீங்க?”

“இன்னிக்குக் காலையில. அஞ்சு மணிக்கு.”

“நான் அஞ்சு வாரமா இஞ்சி குடிக்கிறேன். ஆறாவது வாரம் முடியற சமயத்துலேர்ந்து. இன்னிக்குப் பதினோரு வாரம் நாலு நாள்.” அவள் விரல் விட்டு எண்ணினாள். “மாத்திரை அட்டை, அந்த பாட்டில், கல்லு, மூணையும் ஒரு பையில போட்டுக் கட்டுங்க. டாக்டர்கிட்ட காட்டணும். நீங்க கையுறை போட்டுக்கோங்க, சிங்க் அடியில இருக்கு.”

அவன் சொன்னபடி செய்தான். பாட்டில் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. கட்டி முடித்து நிமிர்ந்தபோது, அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி அப்படியே உறைந்துபோயிருந்தாள். ஹெட்ஃபோன் குரல் போய்விட்டிருந்தது.

“எதுக்குங்க?” என்றாள். “முடிக்கா?”

“அந்தப் பொம்பளை என்னை உன் அப்பான்னு…”

“குளியலறையில தண்ணி போற ஓட்டையை அடைக்கிற முடியை தினமும் யார் எடுத்துப் போடறா? நான்தானே? எனக்குத் தெரியாதா உங்களுக்குக் கொட்டுதுன்னு? ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து தலையைத் தடவிப் பார்த்து அழுதிருக்கலாம். போன தடவை ஒன்பதாவது வாரத்துல போச்சே, அன்னிக்கு என்கூடப் படுத்து அழுதீங்களே, அந்த மாதிரி.”

அவன் குனிந்து அவளுடைய இன்னொரு செருப்பை மாட்டிவிட்டான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவனைப் பார்க்கவும் இல்லை.

*

மருத்துவமனையில் அக்கா முன்னாலேயே வந்து காத்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

“அண்ணி, உங்களுக்கும் தெரியுமா?” என்றாள் மனைவி.

“மாத்திரை நான்தான்மா குடுத்தேன். இடிக்கிறான்னு சத்தியமா தெரியாது.”

“என்கிட்ட சொல்ல வேண்டாம்னு உங்களுக்கும் தோணிச்சு இல்ல?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சேதி எங்கிருந்து எங்கே போகும் என்று இருபது வருஷமாகப் படித்தவள். வீட்டுக்குள் ஒரு சேதியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கவில்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்தார். வயிற்றில் கருவியை வைத்து, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வைத்தார். சிறு குதிரை ஓடுவதுபோல் சத்தம் வந்தது.

“துடிப்பு நல்லா இருக்கு. உள்ளே போயிருக்கிறது துளித் துகள்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அதனால பெருசா பயப்பட வேண்டாம். ஆனா ஒண்ணும் இல்லைன்னு இன்னிக்கு என்னால எழுதிக் குடுக்க முடியாது” என்றார். “பெண் குழந்தைன்னா இந்தக் கவலையே இல்லை. ஆண் குழந்தைன்னா, உறுப்பு ஒழுங்கா உருவாகியிருக்கான்னு இருபதாவது வாரத்து ஸ்கேன்ல பார்ப்போம்.”

“இன்னும் எட்டு வாரம்” என்றாள் மனைவி.

“எட்டு வாரத்துக்கு மேல. நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க.” டாக்டர் சின்னவன் பக்கம் திரும்பினார். “நீங்களும்தான்.”

“நாங்க வேற ஏதாவது செய்யலாமா டாக்டர்? மாத்து மருந்து, ஊசி…”

“காத்திருக்கலாம்.”

வேறு எந்தப் பதிலையும் அவன் தாங்கிக்கொண்டிருப்பான். ஓடச் சொன்னால் ஓடியிருப்பான். ரத்தம் கேட்டால் கொடுத்திருப்பான். சும்மா இரு என்கிறார்கள்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார். “இஞ்சித் தண்ணி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?”

“ஒரு பிளாஸ்க் போடுவேன்” என்றாள் மனைவி. மேலே ஏதோ சொல்ல வந்தவள், வாயை மூடிக்கொண்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது. குமட்டல் என்று நினைத்து நர்ஸ் ஒரு தட்டை நீட்டினாள். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே நடந்தாள்.

*

மருத்துவமனை வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதன் ஓரத்தில் மனைவி. வெயில் தணிய ஆரம்பித்திருந்தது. அக்கா தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். சின்னவன் பெஞ்சின் மறு ஓரத்தில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்.

“என்னை என்ன வேணா சொல்லு” என்றான். “வீட்டை விட்டுப் போன்னாலும் போறேன்.”

“பிளாஸ்க் முழுசையும் நான் குடிக்கிறதில்ல” என்றாள் அவள்.

அவனுக்கு முதலில் ஒரு நிம்மதிதான் வந்தது. குடித்தது பாதிதானா! அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“என் பக்கத்து சீட்டுல ஒருத்தி இருக்கா. அவளுக்கும் நாள் தள்ளிப் போயிருக்கு. ஒன்பதாவது வாரம். அவ வீட்டுல யாருக்கும் தெரியாது, புருஷனுக்குக்கூட இன்னும் சொல்லல. மூணு மாசம் தாண்டட்டும்னு வச்சிருக்கா. அவ பாத்ரூம்ல வாந்தி எடுக்கிறதைப் பார்த்துட்டு நான்தான் குடுத்தேன். ‘இஞ்சித் தண்ணி குடி, நல்லா கேக்கும்’னு. மூணு வாரமா பாதி எனக்கு, பாதி அவளுக்கு.”

சின்னவன் எழுந்து நின்றான். எதற்காக எழுந்தான் என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தான். இதுவரை இது அவன் வீட்டுக் கூரைக்குள் நடந்த தப்பாக இருந்தது. அடித்தாலும் திட்டினாலும் கடைசியில் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு மூலை மனசில் மிச்சமிருந்தது. இப்போது முகம்கூடத் தெரியாத ஒருத்தியின் வயிற்றுக்குள் போய்விட்டது.

“சொல்லாம விட்டா?” என்று கேட்டான். கேட்ட உடனே தன் குரலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் அன்று முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

“இப்ப கேட்டதை மறுபடி என் காதுல விழற மாதிரி கேட்டுடாதீங்க.”

“இல்ல. இல்ல, கேக்கல. நான்தான் சொல்லணும். நீ இல்ல. நம்பரைப் போட்டுக் குடு.”

அவள் கைபேசியை எடுத்து எண்ணைத் தட்டி, அவன் கையில் கொடுத்தாள். இரண்டு தடவை மணி அடித்தது.

“என்னடி, லீவு போட்டுட்டியாமே!” என்றது எதிர்முனைக் குரல். நல்ல கலகலப்பான குரல். “உன் பிளாஸ்க்கை நம்பி வந்து ஏமாந்துட்டேன். காலையிலேர்ந்து ஒரு வாய் உள்ளே நிக்கல தெரியுமா?”

“நான் அவளோட வீட்டுக்காரர் பேசறேங்க.”

“ஐயோ, அண்ணனா! அவ நல்லா இருக்காளா? ஒண்ணும் இல்லையே?”

“அவ நல்லா இருக்கா. உங்ககிட்டதான் ஒரு விஷயம்…”

“அண்ணா, ஒரு நிமிஷம், லைன் வருது. வச்சிடாதீங்க.”

கைபேசியை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. அதற்கு அப்பால், அவள் யாரோ ஒருவருடன் பேசுவது தூரத்தில் கேட்டது. எங்கேயோ யாரோ படிக்கட்டில் விழுந்திருக்கிறார்கள். மூச்சு இருக்கிறதா, தெருப் பெயர் என்ன, கதவைத் திறந்து வையுங்கள், வண்டி கிளம்பிவிட்டது, நான் கூடவே இருக்கிறேன் என்று அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவன் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். வைத்துவிட இப்போதும் நேரமிருந்தது. பெஞ்சில் நடுவே விட்டிருந்த இடத்தை மனைவி நகர்ந்து வந்து நிரப்பியதை அவன் கவனிக்கவில்லை.

கைபேசியை மறுபடி எடுக்கிற சத்தம் கேட்டது.

“ம், முடிஞ்சுது. இப்ப சொல்லுங்கண்ணா. என்ன ஆச்சு?”

சின்னவன் சொல்ல ஆரம்பித்தான்.